எந்தச் சீனிக்குப் பதிலாக?

மெடிக்கலில் சின்ன டப்பாவில் விற்கும் ‘சுகர் ஃப்ரீ’ மாத்திரை நல்லதா கெட்டதா என்று கேட்பவர்கள், கேள்வியைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். எதற்குப் பதிலாக என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். சீனி போட்ட டீக்குப் பதிலாக என்றால் ஒரு விடை. எதுவுமே போடாத டீக்குப் பதிலாக என்றால் இன்னொன்று. மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைப்பதற்குப் பதிலாக என்றால் முற்றிலும் வேறொன்று. இந்த மாத்திரைக்கென்று சொந்தமாக ஒரு நன்மையும் கிடையாது. அது ரத்தச் சர்க்கரையை இறக்காது, கணையத்துக்குக் கை கொடுக்காது, உடம்புக்குச் சத்து எதையும் தராது. அது செய்யும் நல்லதெல்லாம் டம்ளருக்குள் விழாமல் நின்ற சீனியால் வருவதுதான். அந்தச் சீனி உண்மையிலேயே நின்றதா என்று பார்த்தாலே, செயற்கை இனிப்பூட்டியைப் பற்றி அரை நூற்றாண்டாக நடக்கும் சண்டையில் முக்கால்வாசி தெளிந்துவிடும்.

சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. கிழக்கே போனால் கோவில்பட்டி கடலை மிட்டாய், வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, தெற்கே திருநெல்வேலி அல்வா. மேற்கே வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கம் கரும்பு. நடுவில் விசைத்தறி ஓடும் ஊர், தறிச் சத்தத்தோடு சேர்ந்து டீயும் ஓடிக்கொண்டிருக்கும். ஆடித்தபசுக்கு மாவிளக்கு, தீபாவளிக்கு அதிரசம், கல்யாண வீட்டுக்குக் கேசரி என்று இனிப்பு வருஷம் முழுக்க வாசலில் நிற்கிறது. இன்னொரு பக்கம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவுக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2023-ல் வெளியான அதன் முடிவுப்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. வயது வந்தோரில் தேசிய சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஏழு பேர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால் அந்த மாத்திரையை விழுங்கிய கையோடு குடிக்கும் டீயில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவரவர்தான் முடிவு செய்கிறார்கள்.

டீக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஒரு சின்ன ஸ்பூன் சீனி ஏறக்குறைய 5 கிராம், 20 கலோரி. கடை டீயில் இரண்டு ஸ்பூன் என்று குறைத்தே பிடித்தாலும் டம்ளருக்கு 10 கிராம். காலையில் இரண்டு, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் இரண்டு என்று ஐந்து டீ குடிப்பவர் 50 கிராம் சீனியைத் தின்றோம் என்ற நினைப்பே இல்லாமல் உள்ளே இறக்கிவிடுகிறார். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு, உணவில் தனியாகச் சேர்க்கும் சீனியின் மேல் வரம்பாக உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது ஏறக்குறைய இந்த 50 கிராம்தான். பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் அது சொன்னது. டீக்கடையிலேயே வரம்பு முடிந்துவிட்டது. பிஸ்கட்டும் சனிக்கிழமை வாங்கும் அல்வாவும் இதற்கு மேல். திரவமாக இறங்கும் சீனிக்கு இன்னொரு குணமும் உண்டு, அது வயிற்றை நிரப்பாது. டீயில் 200 கலோரி போயிற்றே என்று யாரும் இரண்டு இட்லியைக் குறைப்பதில்லை. ஆகவே இனிப்பூட்டிக்கு உருப்படியான வேலை இருக்குமானால் அது இந்த டம்ளருக்குள்தான் இருக்க வேண்டும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் ஊர்க் காபி, டீயை வைத்து. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையில் டாக்டர் வி. மோகன் தலைமையில் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 179 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் காபி, டீயில் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் கலந்த இனிப்பூட்டியைச் சேர்த்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் சீனியோடு குடித்தார்கள். பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் இனிப்பூட்டிப் பிரிவில் சற்றே குறைந்திருந்தன.

இந்த முடிவை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக இழுக்கலாம். பார்த்தீர்களா, சுகர் குறையவே இல்லை, பிறகு எதற்கு இந்த ரசாயனம் என்று ஒருவர் கேட்கலாம். எடை குறைந்ததே என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டையும்விட முக்கியமான செய்தி அதில் இருக்கிறது. இனிப்பூட்டி ரத்தச் சர்க்கரையை மோசமாக்கவில்லை, மாயமாகக் குறைக்கவும் இல்லை. ஒரு நாளின் மொத்த மாவுச்சத்தில் டீச் சீனி ஒரு சிறு பங்குதான், மிச்சமெல்லாம் சோறு, இட்லி, தோசை, பரோட்டா. அந்தச் சிறு பங்கை எடுத்தால் சிறு பலன் வரும், அந்தப் பலனும் முதலில் இடுப்பில் தெரியும். மாத்திரையிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது அதன் தவறு இல்லை. நெதர்லாந்தில் 641 பள்ளிப் பிள்ளைகளிடம் பதினெட்டு மாதம் நடத்திய சோதனையும் இதையே வேறு விதமாகக் காட்டியது. தினமும் 250 மில்லி இனிப்பு பானம், பாதிப் பேருக்குச் சீனி போட்டது, மீதிப் பேருக்கு இனிப்பூட்டி போட்டது. எது எவருக்கு என்று யாருக்கும் தெரியாது. 2012-ல் வெளிவந்த முடிவில், சீனி பானம் குடித்தவர்கள் சராசரியாக 7.37 கிலோ ஏறியிருந்தார்கள், மற்றவர்கள் 6.35 கிலோ. வளரும் பிள்ளைகளுக்கு எடை ஏறத்தான் செய்யும், ஆனால் அந்த ஒரு கிலோ வித்தியாசம் சீனியுடையது. இங்கே சீனி வெளியே நின்றது, அதனால் பலன் கிடைத்தது.

அப்படியானால் உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் ‘எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டி வேண்டாம்’ என்று சொன்னதே என்ற கேள்வி நியாயமானது. அந்த அறிக்கை தொலைக்காட்சிச் செய்தியாக வந்தபோது இரண்டு விஷயங்கள் விடுபட்டுப்போயின. ஒன்று, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மருந்துக்கடையில் அதிகம் வாங்குபவர்கள் அவர்கள்தான் என்பதால் இது சின்ன விடுபடல் இல்லை. இரண்டு, அது நிபந்தனையோடு கூடிய பரிந்துரை, அதாவது ஆதாரம் உறுதியாக இல்லை என்று நிறுவனமே ஒப்புக்கொள்ளும் வகை. குறுகிய காலச் சோதனைகளில் எடை கொஞ்சம் குறைகிறது. ஆனால் பல்லாயிரம் பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், இனிப்பூட்டி அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் கூடுதலாக இருக்கின்றன. இனிப்பூட்டியால் நோய் வந்ததா, நோய் வரும் அறிகுறி தெரிந்ததும் இனிப்பூட்டிக்கு மாறினார்களா? தொப்பை விழுந்தவரும், அப்பா அம்மாவுக்குச் சுகர் இருந்து தனக்கும் வருமோ என்று பயப்படுபவரும்தான் முதலில் டப்பாவை வாங்குகிறார்கள். கண்ணாடி போட்டவர்களுக்குப் பார்வை மங்கலாக இருக்கிறது என்பதற்காகக் கண்ணாடிதான் பார்வையைக் கெடுத்தது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த எச்சரிக்கையை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். ஆரோக்கியமாக இருக்கும் இருபத்தைந்து வயதுக்காரர் தினமும் இரண்டு பாட்டில் ‘டயட்’ குளிர்பானம் குடிக்கிறார், அதற்கு முன் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தார் என்றால், அங்கே வெளியே போக ஒரு கிராம் சீனிகூட இல்லை. லாபம் எதுவும் இல்லாத இடத்தில் சிறு சந்தேகம்கூட நஷ்டக் கணக்குதான்.

மக்களுக்கு உண்மையில் இருக்கும் பயம் எடையைப் பற்றியது அல்ல, புற்றுநோயைப் பற்றியது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. சாக்கரின்தான் இந்தக் குடும்பத்தில் மூத்தது. 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாரிலிருந்து எடுத்த ரசாயனங்களோடு வேலை செய்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், இரவுச் சாப்பாட்டின்போது ரொட்டி தித்திப்பதை உணர்ந்து, கையில் ஒட்டியிருந்தது என்ன என்று தேடிப்போனார். 1965-ல் வயிற்றுப்புண் மருந்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஷ்லேட்டர் தாளைப் புரட்ட விரலை நக்கியபோது அஸ்பார்டேம் கிடைத்தது. 1976-ல் லண்டனில் சசிகாந்த் ஃபட்னிஸ் என்ற இந்திய ஆராய்ச்சி மாணவரிடம் ஒரு சேர்மத்தைச் சோதிக்கச் சொன்னார்கள். அவர் காதில் சுவைக்கச் சொன்னதாக விழுந்தது, சுக்ரலோஸ் பிறந்தது. ஆய்வகத்தில் கையைக் கழுவாத பழக்கத்துக்கு உலகம் இவ்வளவு கடன்பட்டிருப்பது வேடிக்கைதான். இன்றைக்கு எந்த ஆய்வகத்திலும் இதைச் செய்தால் மாணவரை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

சாக்கரினுக்குச் சோதனை 1977-ல் வந்தது. உணவில் நூற்றுக்கு ஐந்து பங்கு சாக்கரின் கலந்து கொடுத்த ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததைக் கனடா ஆய்வு காட்ட, அமெரிக்க அரசு தடை செய்ய முனைந்தது. ஏற்கெனவே 1969-ல் சைக்ளமேட் என்ற இன்னொரு இனிப்பூட்டியைத் தடை செய்திருந்தார்கள். கடைசியாக இருந்ததும் போகிறதே என்று நீரிழிவுக்காரர்கள் கொதித்தெழ, நாடாளுமன்றம் தடையை நிறுத்திவைத்து, பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் மட்டும் போடச் சொன்னது. பிறகு எலிக்கு ஏன் வந்தது என்பதை ஆராய்ந்தார்கள். ஆண் எலியின் சிறுநீர் நம்முடையதைப் போன்றதல்ல. புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் மிகுந்த அந்தச் சிறுநீரில் அவ்வளவு சாக்கரின் சேரும்போது நுண்ணிய படிகங்கள் உருவாகிப் பையின் உள்சுவரை அரிக்கின்றன. அரிக்கப்பட்ட இடம் மறுபடி மறுபடி வளர்ந்து கட்டியாகிறது. மனித உடம்பில் அந்த வழி இல்லை. 1999-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சாக்கரினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கியது, 2000-ல் அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகமும் போனது. பயம் மட்டும் போகவில்லை. விஞ்ஞானம் தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டால் அது எட்டாம் பக்கச் செய்தி, பயம் கிளம்பியது முதல் பக்கச் செய்தி.

அதே முகமை 2023 ஜூலையில் அஸ்பார்டேமை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. இந்தப் பிரிவுகள் ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்பவை அல்ல. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கின்றன. 2பி என்றால் ஆதாரம் குறைவு, ஆனால் முழுக்கத் தள்ளவும் முடியவில்லை என்று பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் பாக்கோ முதல் பிரிவில், அதாவது ஐயமே இல்லாமல் புற்றுநோய் தருவது என்ற வரிசையில், 2004-லிருந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் போட்டு மென்றுகொண்டே அஸ்பார்டேமைப் பற்றிக் கவலைப்படுபவர்களை இந்த ஊர்ப் பக்கம் காணலாம். முகமை அறிவித்த அதே நாளில், எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று கணக்கிடும் உலக சுகாதார நிறுவன, உணவு வேளாண் அமைப்புக் கூட்டு நிபுணர் குழு பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று சொன்னது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 40 மில்லிகிராம். எழுபது கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட ஒரு நாளில் ஒன்பது முதல் பதினான்கு டின் டயட் பானம் குடிக்க வேண்டும். அஸ்பார்டேம் வயிற்றில் உடையும்போது மெத்தனால் வருகிறதே என்பார்கள். வருகிறது. தக்காளிச் சாற்றிலிருந்து வருவது அதைவிட அதிகம்.

வரம்புக் கணக்கை மாத்திரை எண்ணிக்கையாக மாற்றினால், பேச்சில் வராத ஒரு வித்தியாசம் கண்ணில் படும். அஸ்பார்டேம் சீனியைப்போல் சுமார் 200 மடங்கு தித்திப்பு, எனவே ஒரு ஸ்பூன் சீனியின் இனிப்புக்கு 20 முதல் 25 மில்லிகிராம் போதும். அறுபது கிலோ ஆளுக்கு நாள் வரம்பு 2,400 மில்லிகிராம், ஏறக்குறைய நூறு ஸ்பூன் இனிப்பு. சுக்ரலோஸ் 600 மடங்கு, நிபுணர் குழுவின் வரம்பு கிலோவுக்கு 15 மில்லிகிராம். அது நூறு ஸ்பூனைத் தாண்டுகிறது. ஐந்து டீக்குப் பத்து மாத்திரை போடுபவர் தொடுவது இவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான். ஆனால் சாக்கரினுக்கு வரம்பு கிலோவுக்கு வெறும் 5 மில்லிகிராம். தித்திப்பு 300 முதல் 400 மடங்கு. அறுபது கிலோ ஆளுக்கு இருபது ஸ்பூன் அளவிலேயே வரம்பு முடிந்துவிடும். பதினைந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஐந்து, ஆறு ஸ்பூன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் சாக்கரினுக்கான தன் வரம்பை 9 மில்லிகிராமாகத் தளர்த்தியிருக்கிறது, அதையே எடுத்துக்கொண்டாலும் பிள்ளைக்குப் பத்து ஸ்பூன்தான். ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிடலாம் என்ற பொருளில், பெரிய பாதுகாப்பு இடைவெளி விட்டு வகுத்த வரம்புகள் இவை. ஒரு நாள் தாண்டினால் விஷமாகிவிடாது. என்றாலும் எல்லா இனிப்பூட்டியும் ஒன்று என்ற எண்ணம் இந்தக் கணக்கில் உடைகிறது. சாக்கரினைப் பற்றிப் பின்னால் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

இன்னும் தீராத வழக்குகளும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. இஸ்ரேலில் 120 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட சோதனையில், சாக்கரினும் சுக்ரலோஸும் சிலருடைய குடல் நுண்ணுயிர்களை மாற்றி, குளுக்கோஸைக் கையாளும் திறனைக் கெடுத்ததாகத் தெரிந்தது. எல்லாருக்கும் அல்ல, ஆளுக்கு ஆள் மாறியது. அவர்கள் வழக்கமாக இனிப்பூட்டியே தொடாதவர்கள், சோதனையும் குறுகியது. சென்னை ஆய்வில் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகும் சர்க்கரை மோசமாகவில்லை என்பது இதற்கு ஓரளவு பதில். முழுப் பதில் அல்ல, ஏனென்றால் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் வேறு, எடுக்காதவர் வேறு. பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு, இனிப்பூட்டி அதிகம் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 13 சதவீதம் கூடுதலாக இருந்ததாக 2022-ல் சொன்னது. மேலே பார்த்த கண்ணாடிக் குழப்பம் இதற்கும் பொருந்தும், ஆனாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்திதான். இந்தச் சந்தேகங்களை ஒரு தட்டிலும், தினமும் 50 கிராம் சீனி ஒரு நீரிழிவுக்காரரின் ரத்தக்குழாய்க்கும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் செய்வதை மறு தட்டிலும் வைத்தால் எது கனமானது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. சீனி செய்யும் கேடு நிரூபணமானது, இனிப்பூட்டியின் கேடு இன்னும் தேடப்படுவது.

இந்தப் பக்கத்தில் இனிப்பூட்டிக்கு உண்மையான போட்டி சீனி இல்லை, கருப்பட்டி. சீனிதானே வெள்ளை விஷம், கருப்பட்டிக் காபி குடித்தால் சுகர் ஏறாது என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. கருப்பட்டிக்கு மணம் உண்டு, கொஞ்சம் இரும்புச்சத்தும் தாது உப்பும் உண்டு. பனையேறிகளின் உழைப்பு அதில் இருக்கிறது, பனைத் தொழில் வாழ வேண்டும் என்பதிலும் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதில் பெரும்பங்கு இருப்பது சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் அப்படியே. ரத்தத்துக்குள் போனபிறகு அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று கணையம் விசாரிப்பதில்லை. போதாக்குறைக்குச் சந்தையில் விற்கும் கருப்பட்டியில் சீனி கலப்படம் என்பது தென்மாவட்டங்களில் பழைய புகார். நீரிழிவு இல்லாதவர் கருப்பட்டிக் காபி குடிப்பது ருசிக்காக, அதில் எந்தத் தப்பும் இல்லை. நீரிழிவு உள்ளவர் அதை மருந்தென்று நினைத்து டம்ளர் டம்ளராகக் குடிப்பதுதான் ஆபத்து. சீனித்துளசியின் கதை வேறு. அந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த இனிப்புக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் அனுமதி தந்தது, அது கலோரி தருவதில்லை. ஆனால் சீனித்துளசி என்று பெரிய எழுத்தில் போட்ட பொட்டலத்தின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படித்தால், பல சமயம் உள்ளே நிறைந்திருப்பது எரித்ரிடால் என்ற வேறொரு பொருள். ரத்தத்தில் அதன் அளவு கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று அமெரிக்க ஆய்வொன்று 2023-ல் சொன்னது. நம் உடம்பே அதைக் கொஞ்சம் உற்பத்தி செய்வதால் காரணம் எது விளைவு எது என்று இன்னும் பிரிக்கவில்லை. பச்சை நிற அட்டையைப் பார்த்து மட்டும் வாங்காமல், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது ‘சுகர் ஃப்ரீ’ அல்வா. ‘எதற்குப் பதிலாக’ என்ற கேள்வி மிகவும் குழம்பிப்போகும் இடம் இனிப்புக்கடைதான். டீயில் சீனிக்கு ஒரே வேலை, தித்திப்பது. அல்வாவில் அதற்கு நாலு வேலை. எடையும் பருமனும் தருவது, பாகாகிப் பதம் கொடுப்பது, நிறம் தருவது, கெடாமல் வைத்திருப்பது. ஒரு கிலோ சீனியை எடுத்துவிட்டு இரண்டு கிராம் சுக்ரலோஸைப் போட்டால் இனிப்பு வரும், அல்வா வராது. காலியான இடத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். மால்டிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹாலோ, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளோ போடுவார்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். மால்டிடால் ஓரளவு ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கும் தரும். இவற்றுக்கு மேல் கோதுமைப் பால், நெய், முந்திரி எல்லாம் அப்படியே இருக்கின்றன. பால்கோவாவில் பாலின் சர்க்கரை இருக்கிறது. சுகர் ஃப்ரீ என்ற பலகையைப் பார்த்துவிட்டு ஒரு துண்டு சாப்பிட இருந்தவர் நாலு துண்டு சாப்பிட்டால், அந்த நாலு துண்டும் சேர்ந்து ஒரு துண்டு சாதாரண அல்வாவைவிட அதிக மாவுச்சத்தும் கலோரியும் கொண்டுபோகும். அல்வா, மைசூர்பாகு போன்றவற்றில் குறிப்பிட்ட வரம்புக்குள் இனிப்பூட்டி சேர்க்க இந்திய விதிகள் அனுமதித்திருக்கின்றன, ஆகவே சட்டப்படி அதில் பிழை இல்லை. கணக்கில்தான் பிழை. சமையலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அஸ்பார்டேம் கொதியில் உடைந்து இனிப்பை இழக்கும். சுக்ரலோஸ் 120 டிகிரிக்கு மேல் சூடானால் குளோரின் சேர்ந்த, வேண்டாத சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல் எச்சரித்தது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதால் டீக்கும் பாயசத்துக்கும் இந்தக் கவலை இல்லை, இறக்கிய பிறகு போட்டால் அதுவும் வேண்டாம். எண்ணெயில் பொரிப்பதும் அடுப்பில் சுட்டெடுப்பதும் வேறு விஷயம். ஆடித்தபசுக்கு ஒரு துண்டு உண்மையான அல்வா, அன்றைக்குச் சோறு கொஞ்சம் குறைவு, சாயங்காலம் ஒரு நடை. நீரிழிவுக்காரருக்கு ‘சுகர் ஃப்ரீ’ டப்பாவைவிட இது நாணயமான ஏற்பாடு என்பது என் எண்ணம்.

இனிச் சாக்கரினுக்கு வருவோம். டப்பாவில் காசு கொடுத்து இனிப்பூட்டி வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். பாக்கெட்டில் வரும் பானத்திலும் இனிப்பூட்டியின் பெயர் போட வேண்டும், குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று எச்சரிக்க வேண்டும் என்பது விதி. அச்சடித்த உறையே இல்லாமல் விற்கும் குச்சி ஐஸிலும் கலர் சர்பத்திலும் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? சீனியைவிடச் சாக்கரின் பல மடங்கு மலிவு, கோடையில் தள்ளுவண்டிச் சரக்கில் அது போவது புதிய செய்தியும் இல்லை. பதநீர்ப் பருவத்தில் தண்ணீரில் சாக்கரினைக் கரைத்துப் பதநீர் என்று விற்பதாகவும் புகார்கள் எழுவதுண்டு. மூன்று ஸ்பூன் சீனியின் தித்திப்புள்ள ஐஸ் இரண்டு சாப்பிட்டால் பதினைந்து கிலோப் பிள்ளை நிபுணர் குழுவின் நாள் வரம்பைத் தொட்டுவிடும் என்று முன்னே போட்ட கணக்கு சொல்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சுகர் இல்லை, எடையும் கூடுதல் இல்லை. சீனி நின்றதால் லாபம் அடைந்தவர் விற்றவர் மட்டும்தான். இனிப்பூட்டியை எதிர்ப்பவர்கள் தங்கள் கோபத்தை நீரிழிவுக்காரரின் டீ டம்ளரிலிருந்து எடுத்து இந்தத் தள்ளுவண்டியின் பக்கம் திருப்பினால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் வேலை கொடுத்ததாக இருக்கும். பாக்கெட்டில் வரும் இனிப்புப் பாக்கிலும் சாக்கரின் உண்டு. ஆனால் அங்கே சாக்கரினைப் பற்றிப் பேசுவதே வீண், முதல் குற்றவாளி பாக்கு.

சிலருக்கு மட்டும் பொருந்தும் எச்சரிக்கைகளும் இருக்கின்றன. ஃபினைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. அதிலிருந்து வரும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை அவர்கள் உடம்பால் செலவழிக்க முடியாது, அது மூளையைப் பாதிக்கும். கர்ப்பிணிகள் சாக்கரினைத் தவிர்ப்பது நல்லது என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள், அது நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவிடம் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு எந்த இனிப்பூட்டியும் தேவையில்லை.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களின் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இன்னொன்று. சாப்பாடு தாமதமானாலோ மருந்து கூடிப்போனாலோ அவருக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் பதற்றத்தில், சுகர்க்காரர் ஆயிற்றே என்று இனிப்பூட்டி போட்ட டீயையோ டயட் பானத்தையோ கொடுத்துவிட்டால் அவருக்கு நாக்கு தித்திக்குமே தவிர ரத்தத்துக்கு ஒன்றும் போகாது. அந்த ஒரு வேளைக்குச் சீனிக்குப் பதில் சீனிதான். மூன்று ஸ்பூன் சீனியோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்துப் பரிசோதிக்க வேண்டும், இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். இனிப்பூட்டி டப்பா வந்த வீட்டிலும் அடுக்களையில் சீனி டப்பா ஒன்று இருக்கட்டும்.